நாங்கள் கேட்டு வாங்கிய மதில்

அந்த மதிலை யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை. நாங்களே கேட்டு வாங்கினோம். கூட்டம் கூடி, கை உயர்த்தி, வந்தவர்களுக்கு நன்றியும் சொல்லி வாங்கினோம். இன்று அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபத்தில் பாதி பிரதேச சபையின் மேல். மற்றப் பாதி எங்கள் எல்லோர் மேலும்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் இரண்டு வரிக் கல் வைத்து உயர்த்திவிடுவார்கள். பலாலி வீதியிலிருந்து பிரிகிற ஏதோ ஓர் ஒழுங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒழுங்கை திரும்புகிற முடக்கில் சபைக்குச் சொந்தமான ஒரு வெறுங்காணி இருந்தது. பின்பக்கத்தில் பெடியன்கள் பந்தடிப்பார்கள். முன்பக்கத்தில், எந்தக் காலத்திலோ யாரோ நட்டுவிட்டுப் போன இரண்டு வலைப்பந்துக் கம்பங்கள். ஒன்று ஒழுங்கைக் கரையோரமாக, மற்றது காணியின் நடுவில். வளையங்கள் துருப்பிடித்திருந்தன, வலை இல்லை. காணிக்கு வேலியும் இல்லை. எங்கள் பக்கத்தில் வேலி இல்லாத காணி ஒன்றைக் காண்பது அபூர்வம். அதனால்தான் அதை எல்லோரும் ‘வெளி’ என்றே சொன்னார்கள்.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் என்று பிடிபட்ட வருடம் அது. கிளினிக்கில் இருந்த டொக்டர் பிள்ளைக்கு என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் கூட இருக்கும். மருந்துத் துண்டை எழுதிக்கொண்டே, "ஒவ்வொரு நாளும் நடவுங்கோ அம்மா" என்றாள். எங்கே நடப்பது என்று அவள் சொல்லவில்லை. அது அவளுடைய பாடமும் இல்லை.

இங்கே பெண்கள் நடப்பதென்றால் விடிவதற்கு முன் நடக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வீதியோரமாக நடந்தோம். நாய்க்குத் தடி, பஸ்ஸுக்குக் கடவுள் என்று இரண்டு துணைகளோடு போவோம். முதல் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு யார் மேல் என்ன கோபமோ, எங்கள் சேலைத் தலைப்பு அவருடைய காற்றில் பறக்கும். அதிலும் நடக்கத்தான் முடியும். ஓட முடியாது. நாற்பது தாண்டிய பெண் வீதியில் ஓடினால், படலையைத் திறந்துகொண்டு வந்து, "என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று கேட்பார்கள். ஒருநாள் மழைக்காக நாலு அடி ஓடியதற்கே என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார்.

அப்போதுதான் விளையாட்டு உத்தியோகத்தராக ஒரு பெண் எங்கள் பகுதிக்கு வந்தாள். சின்னப் பெண், கிளிநொச்சிப் பக்கம், ஸ்கூட்டியில் வீடு வீடாக வருவாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். "அக்கா, கிழமையிலை மூண்டு நாள், பின்னேரம் அஞ்சு மணிக்கு, வெளியிலை ஒரு மணித்தியாலம் பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு சபையிட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறன். நெற்போல் விளையாடலாம்."

என் மகளைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. பாடசாலை அணியில் அவள்தான் பந்தை வளையத்துக்குள் போடுகிறவள். "கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி, நான் மறிக்கமாட்டன்" என்றேன்.

"உங்களையும்தான் அக்கா கேக்கிறன்."

சிரித்துவிட்டேன். நான் கடைசியாகப் பந்து பிடித்தது யுத்தத்தில் இடம்பெயர்வதற்கு முன்னர். அதற்குப் பிறகு பிடித்ததெல்லாம் பிள்ளை, சுளகு, அகப்பை.

சபை இந்த விடயத்தில் செய்தது மிகச் சிறியது. ஒரு பலகை எழுதி நட்டது. பெடியன்களின் கழகத்தைக் கூப்பிட்டு, அந்த மூன்று நாளும் ஆறு மணிக்குப் பிறகு வாருங்கள் என்று சொன்னது. இரண்டு பந்து கொடுத்தது. அவ்வளவுதான். இன்று நினைத்தால், ஊர்ச்சனத்தை விளையாட வைக்க ஒரு சபை செய்ய வேண்டியது முழுவதும் அந்த ஒரு கிழமைக்குள் செய்து முடிந்திருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தோம். பாதிப்பேர் பிள்ளைகள், பாதிப்பேர் தாய்மார். சுடிதாரின் சால்வையைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு நின்றோம். உத்தியோகத்தர் பிள்ளை விசில் ஊதினாள். எனக்கு வந்த முதல் பந்து நெஞ்சில் பட்டு விழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த பந்தைப் பிடித்தேன். அதற்கடுத்தது தலைக்கு மேலால் போக, அதைத் துரத்திக்கொண்டு ஓடினேன். யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. சும்மா ஓடினேன். அன்று இரவு முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருக்கும்போது, எவ்வளவு காலம் இப்படி ஓடாமல் இருந்திருக்கிறேன் என்று அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

ஐந்தாறு மாதம் கழித்து கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் பிள்ளை இரத்தப் பரிசோதனைத் துண்டை இரண்டு தரம் பார்த்தாள். "நல்லாக் குறைஞ்சிருக்கு. என்னம்மா செய்யிறீங்கள்?"

"நெற்போல் விளையாடுறன்."

பகிடி விடுகிறேனோ என்று அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள்.

பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களைப் பார்த்தார்கள். மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பெடியன்கள் ஒழுங்கையோர மதகுக் கட்டில் குந்தியிருந்து ஆறு மணி வரும்வரை பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அந்த முடக்கில் மட்டும் மெதுவாகப் போனார்கள். ஒருவன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபோது, எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை உள்ளே இருந்தபடியே குரல் கொடுத்தார். "தம்பி, படம் பாக்கிறதெண்டால் தியேட்டருக்குப் போம்." பெடியன் போய்விட்டான்.

அந்தக் கடைக்கார அண்ணையும் பார்த்தார். அவருடைய பார்வை வேறு. வேலை இல்லாத நேரம் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவார். கடையில் இப்போது பாவிக்காத ஒரு பழைய தராசு தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் பந்தை வளையத்துக்குள் போட்டால், படிக்கல்லை எடுத்துத் தராசுத் தட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். டங் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும். தவறவிட்டால் தட்ட மாட்டார். மகள் பந்தைப் போட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்காக ஒரு கணம் நிற்பாள். கேட்டதும் திரும்பி ஓடுவாள். அவள் ஒரு பெரிய மைதானத்தில் விளையாடுவதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அந்த முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த வருடம் சபை ஒரு கூட்டம் வைத்தது. விளையாட்டை ஊக்குவிக்கப் பணம் வந்திருக்கிறது, எப்படிச் செலவழிக்கலாம் என்று மக்களிடமே கேட்கப் போகிறார்கள் என்றார்கள். மக்கள் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். நல்ல விடயம்தானே. நாங்கள் முதல் நாளே கூடிக் கதைத்து வைத்தோம். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு லயிற், வருடத்துக்கு நாலு பந்து, இந்த உத்தியோகத்தர் பிள்ளையை இடம் மாற்றாமல் வைத்திருப்பது. இவ்வளவும்தான்.

சனசமூக நிலையத்தில் கூட்டம். சபை உறுப்பினர் ஒருவரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்திருந்தார்கள். எங்களோடு விளையாடுகிறவர்களில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி, இரண்டு பேத்திமாரையும் கூட்டிக்கொண்டு வருவார், தன் வயதுக்கு அபாரமாகப் பந்தெறிவார். எங்கள் சார்பில் அவரைத்தான் எழுப்பினோம். எழுந்தவர், கதைத்து வைத்த எதையும் சொல்லவில்லை.

"எங்களுக்கு முதல்லை ஒரு மதில் வேணும் சேர். றோட்டாலை போறவை வாறவை எல்லாரும் பாத்துக்கொண்டு போகினம். குமர்ப்பிள்ளையள் விளையாடுற இடம்."

 எல்லாத் தலையும் ஆடியது. என்னுடையதும்தான். இதை ஏன் நாங்கள் யோசிக்கவில்லை என்றுகூட நினைத்தோம். தாய்மாருக்கு முகம் மலர்ந்துபோனது. கிணற்றுக்கு மறைப்பு, குளிக்கிற இடத்துக்கு மறைப்பு, வளவுக்கு வேலி, வேலிக்கு உள்ளே இன்னொரு வேலி என்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். எங்கள் காணிக்குள் ஒரு சாண் வேலியை அரக்கிப் போட்டதற்காகக் கூடப்பிறந்தவனைக் கோட்டுக்கு இழுத்தவர்கள். எங்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் வேறென்ன சொல்வோம்?

உறுப்பினருக்கும் அது பிடித்துப்போயிற்று. "மதில் எண்டால் உடனை செய்யலாம் ரீச்சர். பந்து, விசில் எல்லாம் தேய்ஞ்சு போற சாமான், உதுகளுக்குக் காசு எடுக்கிறது கரைச்சல். மதில் நிக்கும்."

நாங்கள் கை தட்டினோம்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள். "அம்மா, மதில் கட்டினால் பேந்து எங்களை ஆர் பாக்கிறது?"

"பாக்கக் கூடாது எண்டுதானே கட்டுறது" என்றேன்.

"ஓ" என்றாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கட்டத் தொடங்கியதும் கல்லும் மணலும் கொண்டுவந்து பறித்துக் கொட்டியது எங்கள் ஆடுகளத்தின் மேல்தான். வேறு இடம் இல்லையாம். மழைக்காலம் முழுவதும் அந்த மணற்கும்பியில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. மதில் எழுந்து, பெரிய இரும்புக் கேற் போட்டு, பெயின்ற் அடித்து, வந்தவர்களின் பெயர்களைப் பொறித்த கல்லும் பதித்தார்கள். திறப்பு விழாவில் பிள்ளைகளுக்குச் சேலை உடுத்தி, பன்னீர்ச்செம்பும் சந்தனக் கும்பாவும் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். என் மகளும் நின்றாள். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், மாலை போட்டார்கள், பெண்களின் விளையாட்டுக்குச் செய்த சேவையைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று ஒருவரும் பந்தைத் தொடவில்லை. சேலையோடு எப்படித் தொடுவது?

உண்மையையும் சொல்ல வேண்டும். முதல் சில கிழமைகள் நன்றாகத்தான் இருந்தது. சால்வையைக் கழற்றிக் கம்பத்தில் தொங்கவிட்டோம். சத்தம் போட்டுச் சிரித்தோம். ரீச்சர் விழுந்து எழும்பி, மண்ணைத் தட்டாமலே ஓடினார். மகள் மட்டும் பந்தைப் போட்டுவிட்டு ஒரு கணம் நின்றாள், பழக்கத்தில். தராசுத் தட்டின் சத்தம் வரவில்லை. கடைக்கார அண்ணைக்கு மதிலைத் தாண்டி இப்போது எதுவும் தெரியாதே.

பிறகு ஒரு பின்னேரம் முதலில் போன இரண்டு பிள்ளைகள் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, மதிலுக்குப் பின்னால் முன்பின் தெரியாத மூன்று பேர் போத்தல்களோடு இருந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் எழும்பவும் இல்லை. "வாங்கோ, வாங்கோ" என்று சிரித்தார்களாம். பிள்ளைகள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். முன்பு வெளியாக இருந்தபோது அங்கே வந்து குந்த எவனுக்குத் துணிவு வந்திருக்கும்? கடையிலிருந்து பார்த்தால் தெரியும், மதகிலிருந்து பார்த்தால் தெரியும், சைக்கிளில் போகிற தபால்காரருக்கும் தெரியும். இப்போது அவர்களுக்கென்று ஒரு மறைவிடத்தை நாங்களே கட்டிக் கொடுத்திருந்தோம். வேலியால் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை என்பார்களே, அதுதான்.

ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் ஊரில் போதாது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? "உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நேற்றுவரை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று பயந்த அதே தாய்மார், இப்போது ஒருவரும் பார்க்கவில்லையே என்று பயந்தார்கள். இரண்டு பயமும் நியாயமானதுதான் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பிள்ளைகளை நிறுத்தினார்கள். நேரடியாக யாரும் சொல்லவில்லை. ஐந்து மணிக்குக் கணித ரியூசன் போட்டிருக்கிறார்கள், விஞ்ஞானம் போட்டிருக்கிறார்கள், சாதாரண தரப் பரீட்சை வருகிறது. ரீச்சரின் பேத்திமாரை அவர்களுடைய தகப்பன் நிறுத்தினார். பிறகு ரீச்சரும் வரவில்லை. வழியில் கண்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் நல்லதுக்குத்தான் பிள்ளை கேட்டனான்" என்றார். தெரியும் ரீச்சர் என்றேன். அவரோடு கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

சபையும் சும்மா இருக்கவில்லை. பாதுகாப்புக்காகக் கேற்றுக்கு ஓர் ஆமைப்பூட்டுப் போட்டது. பூட்டின் திறப்பு சபைக் கந்தோரில் இருக்கும், கையொப்பம் வைத்து எடுக்கலாம். கந்தோர் நாலேகாலுக்குப் பூட்டும். எங்கள் நேரம் ஐந்து மணி. இதை ஒரு நாள் கந்தோரில் போய்ச் சொன்னேன். "அப்ப முதல் நாளே எடுத்து வைச்சிருங்கோ" என்றார்கள். முதல் நாள் எடுத்தால் அடுத்த நாள் காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அங்கே இருந்தவரின் முகத்தில் ஒரு கெடுதலும் இல்லை. பாவம், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் உத்தியோகத்தர் பிள்ளைக்கும் இடமாற்றம் வந்தது. போவதற்கு முன் வீட்டுக்கு வந்து பந்து இரண்டையும் தந்துவிட்டுப் போனாள். "அக்கா, விட்டிடாதேங்கோ" என்றாள். ஓம் என்றேன். பொய் சொல்கிறேன் என்று சொல்லும்போதே தெரிந்தது.

அடுத்த வருடமும் மக்கள் பங்கேற்புக் கூட்டம் வந்தது. இந்த முறை நானே எழுந்தேன்.  "அந்த மதிலை இடுப்பளவுக்கு வெட்டித் தாங்கோ. வெளியாலை போறவைக்குத் தெரியட்டும்" என்றேன்.

மண்டபத்தில் சிரிப்பு. கட்டித்தா என்று கேட்டதும் நீங்கள், இடி என்று கேட்பதும் நீங்களோ என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கேட்க நியாயமான கேள்விதான். உறுப்பினர் கோபிக்கவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். "அக்கா, கட்டினதை இடிக்கிறதுக்கு எங்களிட்டை நிதி ஒதுக்கீடு இல்லை. உயர்த்துறதெண்டால் செய்யலாம். மேலை முள்ளுக்கம்பி அடிக்கலாம். கமெரா பூட்டலாம்."

முள்ளுக்கம்பியும் கமெராவும் நல்லது என்று பலர் சொன்னார்கள். கை உயர்த்தினார்கள். முன்பு என்னோடு பந்து பிடித்த பெண்களும் உயர்த்தினார்கள். அவர்களில் ஒருத்தியாவது என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன். பிறகு கதிரையில் இருந்துவிட்டேன்.

ஒரு நகரத்துச் சனத்தை விளையாட வைக்க என்ன செய்ய வேண்டும் என்று இப்போது அடிக்கடி பத்திரிகையில் எழுதுகிறார்கள். சீனி வருத்தம் கூடிவிட்டதாம், பிள்ளைகள் கைபேசியோடு கிடக்கிறார்களாம், போதை பரவுகிறதாம். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் வருகிறது. எங்களிடம் எல்லாம் இருந்தது. இடம் இருந்தது, நேரம் இருந்தது, விசில் ஊத ஒருத்தி இருந்தாள், ஒழுங்கை முழுக்கக் காவலுக்குக் கண் இருந்தது. இவற்றில் எதற்கும் அடிக்கல் நாட்ட முடியாது என்பதால் ஒருவருடைய கண்ணிலும் படவில்லை. எங்கள் கண்ணிலும்தான்.

சாமான் வாங்கப் போனபோது கடைக்கார அண்ணை, "முந்தி உங்கடை விளையாட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான். இப்ப மதிலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். கதிரையை உள்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். தராசு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் மறுபடி விடியற்காலையில் தடியோடு நடக்கிறேன். சீனி ஏறிவிட்டது. கிளினிக்கில் இப்போது வேறு டொக்டர். அவரும் நடக்கச் சொன்னார். அந்த மதிலின் வெளிப்பக்கத்தையும் ஒட்டித்தான் நடக்கிறேன், இப்போது முள்ளுக்கம்பியும் வந்துவிட்டது. பந்து இரண்டும் கட்டிலுக்குக் கீழே காற்றுப் போய்க் கிடக்கின்றன.

பின்னேரம் மகளை ஸ்கூட்டியில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. அந்த ஒழுங்கையால்தான் போக வேண்டும், அந்த ஐந்து மணிக்குத்தான். ஒழுங்கைக் கரையில் நிற்கிற கம்பம் மதிலைவிட உயரம். அதனால் துருப்பிடித்த வளையம் மட்டும் மதிலுக்கு மேலால் தெரியும். அதைக் கடக்கும்போது பின்னால் இருக்கிற மகள் திரும்பிப் பார்ப்பாள். நான் கண்ணால் காண்பதில்லை. அவள் திரும்பும்போது அவளுடைய பாரம் ஒருபக்கம் சரிய, கைப்பிடியில் ஒரு சின்ன இழுப்புத் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது, என்றாவது ஒரு நாள் என்று நானும் எதையோ நினைத்துக்கொண்டு ஓட்டுவேன்.

போன கிழமை அந்த முடக்கால் திரும்பினேன். வளையத்தில் ஒரு காகம் இருந்தது. வழக்கம்போலக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஸ்கூட்டி நேராகவே போனது. ஒருவேளை நித்திரையோ என்று, "பிள்ளை?" என்று கூப்பிட்டேன்.

"என்னம்மா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன்.